அறுவை டாக்டர்

அந்தக் கால்நடை மருத்துவமனையில் அவளுக்கு இரண்டு பெயர். வருகைப் பதிவேட்டில் இருந்தது ஒன்று. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இன்னொன்று கம்பவுண்டர் வைத்தது: அறுவை டாக்டர். புதிதாய்க் கேட்பவர்கள், அடேயப்பா, ஆபரேஷனில் பெரிய கெட்டிக்காரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அதுதான் இல்லை. பதினோரு வருடத்தில் ஒரு பெரிய அறுவைக்குக்கூட அவள் கையில் கத்தி வந்ததில்லை. தடுப்பூசி, குடற்புழு மருந்து, நாய்க்குட்டிக்குச் சான்றிதழ், இவ்வளவுதான். பேசிப் பேசியே ஆளை அறுக்கிறாள் என்பதால் வந்த பெயர் அது.

அப்படி என்ன பேச்சு என்றால், ஒரே பேச்சுதான். "மரத்துப்போச்சான்னு பாத்தீங்களா?"

மாட்டுக்குக் கட்டியைக் கீறுவதானாலும், உடைந்த கொம்பை எடுப்பதானாலும், அந்த இடத்தைச் சுற்றி மரத்துப்போவதற்கு ஒரு ஊசி போடுவார்கள். போட்டவுடனே மரத்துவிடாது. மருந்து நரம்புக்குள் ஊறவேண்டும். பத்து நிமிடம் ஆகும், சில உடம்புக்குப் பதினைந்துகூட ஆகும். பெரிய டாக்டருக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் வாசலில் இருபது மாடு நிற்கும்போது பத்து நிமிடம் எங்கேயிருந்து வரும்? ஊசியை வைத்த கையோடு கத்தியை எடுப்பவர் அவர். மாடு துள்ளினால் இருக்கவே இருக்கிறது கயிறு. கயிற்றைப் பிடிக்க ஆறு பேர். ஆறு பேரையும் அதட்டக் கம்பவுண்டர்.

"மாட்டுத் தோலு தடிமன்மா. நமக்கு வலிக்கிற மாதிரியெல்லாம் அதுக்கு வலிக்காது" என்பார் பெரிய டாக்டர். கெட்ட மனிதர் இல்லை. முப்பது வருடமாக வேகமாக வேலை பார்த்துப் பார்த்து, நிதானம் என்றாலே சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டியவர். "பாவம், வாயில்லா ஜீவன். சட்டுபுட்டுனு முடிச்சு விட்டாத்தான் அதுக்கு நல்லது" என்றும் சொல்வார்.

இந்த 'வாயில்லா ஜீவன்' என்ற சொல்லைக் கேட்டால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "வாயெல்லாம் இருக்கு சார். ஊரே கேக்கிற மாதிரி கத்துது. நமக்குத்தான் காது இல்ல" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய மேசையைத் தடுப்பூசி அறைக்கு மாற்றினார்கள்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு கடைவாய்ப் பல்லிலிருந்து. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பல் சொத்தை. அப்பா பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் கண்ணு" என்று சொல்லி ஊசியைப் போட்ட டாக்டர், வாய் நிறையப் பஞ்சை அடைத்து, மறு நொடியே இடுக்கியை எடுத்துவிட்டார். அவளுக்கு எல்லாமே தெரிந்தது. ஒவ்வொரு இழுப்பும் தெரிந்தது. "ம்ம்! ம்ம்ம்!" என்று கத்தினாள். "அவ்வளவுதான், அவ்வளவுதான், கொஞ்சம் பொறுத்துக்க" என்று அப்பா தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பல் வந்தது. டாக்டரின் ஆள்காட்டி விரலில் அவளுடைய மற்ற பற்களின் தடமும் வந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவிடம் திட்டு. "மரத்துப்போறதுக்கு முன்னாடியே புடுங்கிட்டார்ப்பா. நான் சொன்னேன்ல?" என்று அழுதாள். "நீ எங்கடி சொன்ன? ம்ம்முன்னுதான சொன்ன?" என்றார் அப்பா. அந்த நிமிடம் பட்ட ஆத்திரம் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. சொன்னதைச் சொல்லவில்லை என்று சாதிப்பதைவிட அநியாயம் உலகத்தில் உண்டா?

கணவர் தையல்காரர். கடைத்தெருவின் முனையில் இரண்டு மெஷின் போட்ட கடை. "நமக்கு ரெண்டு பேருக்கும் ஊசிதான் பொழப்பு. ஆனா என்கிட்ட வர்றவங்க யாரும் உதைக்கிறதில்ல" என்பார். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் ஆஸ்பத்திரிக் கதையை ஆரம்பித்தால் சிரிக்காமல் கேட்பார். அவருக்கு மட்டும்தான் அவள் பேச்சு அறுவையாகத் தெரியவில்லை. துணி தைத்து மிஞ்சிய துண்டுகளை அவளுக்குக் கொடுப்பார். அவள் அதில் உள்தையலும் வெளித்தையலும் போட்டுப் பழகுவாள். "எதுக்கு இப்படி மாஞ்சு மாஞ்சு பழகுற? கத்தியத்தான் கையில குடுக்க மாட்டேங்கறாங்களே" என்று ஒருமுறை கேட்டார். "குடுக்கிற அன்னைக்குக் கை நடுங்கக் கூடாதில்ல" என்றாள்.

அந்த நாள் ஒரு உதையால் வந்தது.

ஒரு வியாழக்கிழமை, தொடையில் கட்டியோடு ஒரு கிடாரி வந்தது. பெரிய டாக்டர் வழக்கம்போல ஊசியைப் போட்டார், கத்தியை எடுத்தார். தடுப்பூசி அறைக் கதவில் நின்றபடி அவள், "சார், ஒரு பத்து நிமிஷம் விட்டுப் பாக்கலாமே" என்றாள். "வரிசையப் பாத்தீங்களா?" என்றார் அவர் திரும்பாமலே. அடுத்த நொடி கிடாரியின் கால் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய வலது முன்கை எலும்பு முறிந்துவிட்டது. முழங்கைவரை மாவுக்கட்டு. "அவங்க பொறுக்கச் சொன்னாங்க, நீங்க பொறுக்கல. நீங்க பொறுக்கச் சொன்னீங்க, அது பொறுக்கல" என்று கம்பவுண்டர் பஞ்சாயத்துத் தீர்ப்புபோலச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சின்ன லாரி ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் பின்பக்கமாக வந்து நின்றது. இறங்கியது ஒரு பெரிய சிவப்புப் பசு. கூடவே இறங்கிய பால்காரர் முகத்தில் ஈயாடவில்லை. விடியற்காலையிலிருந்து பிரசவ வலி. கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிகிறது, தலை வரவில்லை.

"மகாராணிங்க இது. என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதாங்க. காப்பாத்திக் குடுங்க" என்றார் பால்காரர். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் தோளில் போட்டார், மறுபடியும் எடுத்தார்.

அவள் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். கன்று பெரிது. தலை பின்பக்கமாக மடிந்து கிடந்தது, திருப்ப இடமே இல்லை. குளம்பின் இடுக்கில் நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது.

"உயிர் இருக்கு சார். ஆனா இந்த வழியா வராது. வயித்தத் திறந்துதான் எடுக்கணும்."

பெரிய டாக்டர் தன் மாவுக்கட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வேறு டாக்டர் இல்லை. அடுத்த ஆஸ்பத்திரி மூன்று மணி நேரப் பயணம்.

"சரி, நீங்க பண்ணுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன். கம்பவுண்டர், கயிறு! கீழ படுக்கப் போடுங்க."

"வேண்டாம் சார். நிக்க வச்சே பண்றேன்."

"என்னது?"

"இதுக்கு இப்பவே வயிறு உப்பியிருக்கு. மூச்சு வாங்குது. இவ்வளவு கனத்தோட படுக்கப் போட்டா நெஞ்ச அமுக்கிடும். போன மாசம் படுக்கப் போட்ட மாடு எந்திரிக்கவே இல்ல, உங்களுக்கே தெரியும்."

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் வேறு எங்கோ பார்த்தார்கள். போன மாதத்து மாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"நின்னுக்கிட்டு இருக்கிற மாட்டு வயித்துல ஒரு முழத்துக்குக் கத்திய வைக்கப் போறீங்க. ஒரு உதறு உதறுச்சுன்னா குடல் மொத்தமும் தரையில கிடக்கும். அப்புறம் இந்த ஆளுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். கத்தியையும் ஆயுசுக்கும் தொட விட மாட்டேன், ஆமா" என்றார் பெரிய டாக்டர்.

"உதறாது சார். மரத்துப்போச்சுன்னா உதறாது" என்று ஒற்றைக் காலில் நின்றாள் அவள்.

"ஆரம்பிச்சுட்டாங்கய்யா" என்று கம்பவுண்டர் முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

இரும்புக் குழாய் அடித்த கூண்டுக்குள் மகாராணியை நிறுத்தி, தலையை மட்டும் கட்டினார்கள். இடது விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே மயிரை மழித்துக் கழுவினாள். வெட்டப்போகும் இடத்தில் அவள் ஊசி போடவில்லை. முதுகெலும்பின் ஓரத்தில், வயிற்றுப் பக்கத்துக்கு நரம்பு கிளம்பி வரும் மூன்று இடங்களை விரலால் எண்ணிப் பிடித்தாள். சாண் நீள ஊசி. வயலில் ஒரு வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் வராமல் செய்ய வேண்டுமானால் மடையில் அடைப்பதில்லையா, அதுபோலத்தான். கணக்குத் தவறி ஒரு எலும்பு பின்னால் போட்டுவிட்டால் வயிறு மரக்காது, கால் மரத்து மாடு சரிந்துவிடும். அவள் மூன்று தடவை எண்ணினாள். மூன்று ஊசியும் இறங்கியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்து நிமிடம். பேசாமல் இருப்பது கம்பவுண்டருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

பத்தாவது நிமிடம் புறங்கையை மாட்டின் வயிற்றோரத்தில் வைத்தாள். நரம்பு மரத்துப்போனால் அங்கே ரத்தம் கூடுதலாக ஓடும், தோல் சூடாகும். முன்பக்கம் சூடு இருந்தது. பின்பக்கமும் இருந்தது. நடுவில், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, ஜில்லென்று இருந்தது. ஊசிமுனையால் அங்கே குத்தினாள். தோல் சிலிர்த்தது. மகாராணி வாலை வீசி அவள் முகத்திலேயே ஒன்று வைத்தது.

கொஞ்சம் தள்ளி இன்னொரு குத்து குத்தினாள். அங்கேயும் சிலிர்த்தது.

"முக்கால்வாசி மரத்துப்போச்சுல்ல, போதும். கயித்த இறுக்கிப் புடிச்சுக்கிட்டு ஆரம்பிங்க" என்றார் பெரிய டாக்டர்.

தப்பு எங்கே என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கொழுத்த மாடு, நடு ஊசி கொழுப்போடு நின்றுவிட்டது, நரம்புவரை போகவில்லை. இத்தனை வருடம் மற்றவர்களை அறுத்து எடுத்தவள், தன் முறை வந்தபோது தானே பிசகிவிட்டாள். மறைத்திருக்கலாம். மாட்டின் மேல் பழியைப் போட்டிருக்கலாம், அது மறுத்துப் பேசப்போவதில்லை.

"என் தப்பு சார். நடு ஊசி சரியா இறங்கல. மறுபடி போடணும்."

"மறுபடியா? இன்னும் பத்து நிமிஷமா? கன்னுக்குட்டி செத்துப்போயிடும்மா!"

அதுதான் அவளையும் குடைந்தது. கையை விட்டுக் குளம்பைக் கிள்ளினாள். கால் அசைந்தது. ஆனால் முன்புபோல வெடுக்கென்று இல்லை, யோசித்து, மெதுவாக. பால்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதே வெட்டினால் கன்று பிழைக்கும், தாய் துள்ளும். துள்ளினால் இரண்டும் போகும். பொறுத்தால் தாய் நிற்கும், கன்று போகலாம்.

"அண்ணே, உங்ககிட்ட மறைக்க மாட்டேன்" என்றாள் பால்காரரிடம். "கன்னு கொஞ்சம் சோர்ந்திருக்கு. ஆனா மரத்துப்போகாம நான் கத்தி வைக்க மாட்டேன். வச்சா ரெண்டு உயிரும் போயிடும்."

பால்காரர் துண்டைக் கசக்கினார். "அதுக்கு வலிக்காமப் பாருங்கம்மா. அப்புறம் நடக்கிறது நடக்கட்டும்."

நீளமான வேறு ஊசியை எடுத்தாள். எலும்பின் விளிம்பைத் தொட்டு, அதிலிருந்து நழுவி, இன்னும் ஒரு விரற்கடை ஆழம். மருந்து தடையில்லாமல் இறங்கியது. மறுபடி கடிகாரம். ஒரு நிமிடம். இரண்டு. பெரிய டாக்டர் கொட்டகையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நான்காவது நிமிடம் குளம்பைக் கிள்ளினாள், அசைந்தது. ஆறாவது நிமிடம் கிள்ளினாள், ரொம்பக் கொஞ்சம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கொட்டகையில் பால்காரரைத் தவிர அவள் பக்கம் ஒருவர்கூட இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

எட்டாவது நிமிடம் புறங்கையை வைத்தாள். சூடு. முன்னால், நடுவில், பின்னால், எல்லா இடத்திலும் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணி சுற்றித் தொட்டதுபோல ஒரே சூடு. மாட்டின் முதுகு இடது பக்கமாக வளைந்து, அந்த வயிறு தளர்ந்து புடைத்திருந்தது. ஊசியால் குத்தினாள். மேலே, கீழே, பத்து இடத்தில். ஒரு மயிர் சிலிர்க்கவில்லை.

"கத்தி" என்றாள்.

பதினோரு வருடம் துண்டுத் துணியில் பழகிய கை அது, நடுங்கவில்லை. தோல் பிரிந்தது. கம்பவுண்டர் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை இறுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். தசை பிரிந்தது. மகாராணி கழுத்தை நீட்டி, கூண்டுக்கு வெளியே கிடந்த பச்சைப் புல்லை எட்டிப் பார்த்தது. எட்டவில்லை. தலையைத் திருப்பிக் கம்பவுண்டரைப் பார்த்து, "ம்மா" என்று அதட்டியது.

"என்ன மேடம் இது, புல்லு கேக்குது?"

"கேட்டா போடுங்க!"

கயிற்றை விட்டுவிட்டு அவர் ஒரு கத்தை எடுத்து நீட்டினார். வயிறு ஒரு முழம் திறந்து கிடக்க, அந்த மாடு கறுக் கறுக்கென்று புல்லைக் கடித்து மென்றது. அப்படி ஒரு காட்சியை அந்தக் கொட்டகை அதற்கு முன்னால் கண்டதில்லை. பால்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். கயிறு பிடிக்க வந்திருந்த ஆறு பேருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தோள்வரை கையை விட்டாள். கருப்பையைத் திறந்து, உள்ளே கிடந்த பின்னங்கால் இரண்டையும் பிடித்து, "இழுங்க!" என்று கத்தினாள். ஆறு பேருக்கும் வேலை வந்துவிட்டது. மொத்தக் கன்றும் வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. நனைந்த மூட்டைபோலக் கிடந்தது. மூச்சு இல்லை.

அவளால் கையை எடுக்க முடியாது. பசுவின் வயிறு திறந்து கிடக்கிறது. "வாயில இருக்கிற கோழைய வழிச்சு எடுங்க! மூக்குல வைக்கோல விட்டுக் குடைங்க! தேய்ங்க, நல்லாத் தேய்ங்க!" என்று நின்ற இடத்திலிருந்தே அலறினாள். முதலில் மண்டியிட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? பெரிய டாக்டர். மாவுக்கட்டுக் கையால் கன்றின் தலையைத் தாங்கிக்கொண்டு, இடது கையால் வைக்கோலை மூக்குக்குள் விட்டுத் திருகினார். பால்காரர் தோள்துண்டால் விலாவைத் தேய்த்தார்.

கன்று தும்மியது. பெரிய டாக்டரின் சட்டை முழுக்கத் தும்மியது. இன்னொரு தும்மல், ஒரு இருமல், பிறகு விலா ஏறி இறங்க ஆரம்பித்தது.

"பொட்டக் கன்னும்மா! பொட்டக் கன்னு!" என்று கத்திய பால்காரர், யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் கம்பவுண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அவள் தைக்க ஆரம்பித்தாள். கருப்பைக்கு இரண்டு வரிசை, தசைக்கு இரண்டு வரிசை, மேலே தோல். கணவர் பார்த்தால் ஒரு தையலைக்கூடப் பிரிக்கச் சொல்லமாட்டார். பாதித் தோல் தைத்திருக்கும்போது, பெரிய டாக்டர் தட்டிலிருந்து ஒரு ஊசியை இடது கையில் எடுத்தார். மாட்டின் வலது பக்கம் போய்ச் சுருக்கென்று குத்தினார். மாடு திடுக்கிட்டு வாலை விளாசியது. இந்தப் பக்கம் வந்து, தையலுக்குப் பக்கத்தில் குத்தினார். மாடு மென்றுகொண்டே இருந்தது. இன்னும் ஒருமுறை குத்தினார். ஊசியைத் தட்டில் வைத்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே தோலுதானம்மா" என்றார் மெல்ல. "அப்ப இத்தனை வருஷமா அதுங்களுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கு."

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. பதினோரு வருடமாகத் தயாராக வைத்திருந்த பதில், நல்ல காரமான பதில். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த தையலைப் போட்டாள்.

முடிச்சுப் போட்டுக் கூண்டைத் திறந்துவிட்டபோது மகாராணி தன் காலிலேயே நடந்துபோய், கன்றை மோந்து, தலையிலிருந்து நக்க ஆரம்பித்தது. கன்று எழ முயன்று விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. கொட்டகையே அதற்குக் கைதட்டியது.

அவள் தொட்டியடிக்குப் போய்த் தோள்வரை கழுவினாள். முகத்தையும் கழுவினாள். கண்ணீர் நிற்காததால் இன்னொரு முறை கழுவினாள். வெளியே அடுத்த மாடு வந்துவிட்டிருந்தது. கொம்பு உடைந்து தொங்கும் காளை. நான்கு பேர் ஏற்கெனவே கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய டாக்டர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு சத்தம் போடுவது கேட்டது.

"கயித்த விடுங்கய்யா. டாக்டரம்மா ஊசி போடுவாங்க. போட்டதும் எல்லாரும் போய் ஓரமா உக்காருங்க."

"எவ்வளவு நேரங்க?" என்றான் ஒருவன்.

"அவங்க சொல்ற வரைக்கும்."

அவளுக்கு ஓவென்று கூவவேண்டும்போல இருந்தது. கூவவில்லை. மருந்துக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தாள். காலி.

"கம்பவுண்டர், இன்னொரு குப்பி எடுத்துட்டு வாங்க" என்றாள், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி.